ஆஜர்

மரக்காணத்துக்கென்று யாரும் மரக்காணம் போவதில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் அது குறுக்கிடுகிறது, அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் பறக்கும்போது, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து, "அடேயப்பா! எத்தனை உப்பு!" என்று ஒரு தரம் வியந்துவிட்டு மேலே போய்விடுகிறோம். அந்தக் குவியல்களுக்கு நடுவே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்கும் அபிப்பிராயங்கள் உண்டு என்பதும் அந்த வேகத்தில் நமக்குத் தெரிய நியாயமில்லை.

எனக்கு அங்கே ஒரு சிநேகிதர் உண்டு. 2024-ல் அவருக்கு வயது 82. ஊரில் அவரைச் 'சொல்தா தாத்தா' என்பார்கள். பிரஞ்சு ராணுவத்தில் சேவகம் பண்ணிவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரிப் பக்கத்தில் சொல்தா என்றுதான் சொல்வது வழக்கம். சிப்பாய்க்குப் பிரஞ்சுக்காரன் வைத்த பெயர் நம் வாயில் நுழைந்து அப்படி ஆயிற்று. பெரியவர் பிறந்தது புதுச்சேரியில். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். அல்ஜீரியாவில் ஒன்றரை வருஷம் இருந்தார். பிறகு எங்கெங்கோ இருந்தார். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 'பிரஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்' என்றார்கள். எழுதிக் கொடுத்தார். மனைவி மரக்காணத்துப் பெண். அந்த அம்மாள் காலமான பிறகும் அவர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. மகளும் பேரனும் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். இவர் உப்பளத்தை ஒட்டிய ஓட்டு வீட்டுத் திண்ணையில், கடல் காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

2024 ஜூன் 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை, நான் கையில் பத்திரிகையோடு அந்தத் திண்ணைக்குப் போனேன். கொஞ்சம் கோபத்தோடு போனேன் என்றும் சொல்ல வேண்டும்.

கோபத்துக்குக் காரணம் ஒரு தேர்தல் முடிவு. நம்முடைய தேர்தல் அல்ல. நம்முடைய லோக்சபை முடிவு ஜூன் 4-ஆம் தேதியே வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசி எல்லோருக்கும் தொண்டை வறண்டும் போயிற்று. நான் சொல்வது ஐரோப்பியப் பார்லிமெண்டுத் தேர்தல். 27 தேசங்கள் சேர்ந்து 720 பேரைத் தேர்ந்தெடுத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்கு அனுப்புகின்றன. தேசங்களுக்கு மேலே ஒரு சபை. அதற்கு ஜனங்களே நேராக வோட்டுப் போடுவது. இந்த ஏற்பாடு 1979 முதல் நடந்து வருகிறது. பிரான்ஸுக்கு அதில் 81 இடம். ஜூன் 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிரஞ்சுக்காரர்கள் வோட்டளித்தார்கள். பிரஞ்சுக்காரர்கள் என்றால் பாரிஸில் இருக்கிறவர்கள் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் இருக்கிற பிரஞ்சுப் பிரஜைகளும் அன்று வோட்டளித்தார்கள். எங்கள் சொல்தா தாத்தாவும் காலையில் பஸ் ஏறி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் போய், வோட்டுப் போட்டுவிட்டு, பகல் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்திருந்தார்.

முடிவு என்ன? தேசியப் பேரணிக் கட்சி நூற்றுக்கு 31-க்கு மேல் வாங்கி முதலில் வந்தது, 30 இடம். ஜனாதிபதி மக்ரோனின் அணிக்கு அதில் பாதிகூட இல்லை; 13 இடம். அன்று இரவே மக்ரோன் தம்முடைய தேசிய சபையைக் கலைத்து, மறு தேர்தல் என்று அறிவித்துவிட்டார். வென்ற கட்சி என்ன சொல்கிறது என்பது ஒளிவுமறைவான விஷயம் அல்ல. அந்நியர் குடியேற்றத்தைச் சுருக்க வேண்டும். பிரான்ஸ் மண்ணில் பிறந்தான் என்பதற்காக ஒருவனைப் பிரஜையாக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்கிறது. பாரிஸில் லா ஷபேல் என்று ஒரு பேட்டை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து உயிர் தப்பிப் போன நம்மவர்கள் அங்கே கடை வைத்து, கோயில் தேர் இழுத்து, குழந்தை குட்டிகளோடு வாழ்கிறார்கள். அவர்களை நினைத்தேன். கோபம் வந்தது.

கோபத்துக்கு அடியில் ஒரு சந்தேகமும் இருந்தது. பெரியவர் யாருக்குப் போட்டிருப்பார்? அவர் பல தடவை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது உண்டு. "நாங்க ரத்தம் சிந்தி பிரஜை ஆனோம் தம்பி. இப்போ வர்றவன் படகிலே ஏறி வந்துட்டு, எல்லாத்தையும் கொடுங்கறான்" என்பார். படகில் வருகிறவனுடைய சிரமம் இவருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வேன்; வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது அந்த மனிதர், மரக்காணத்துத் திண்ணையில் உட்கார்ந்தபடி, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு வாசலைச் சாத்துவதற்கு வோட்டுப் போட்டிருந்தால் அது தர்மமா? அந்த வீட்டில் குடியிராதவன் அந்த வீட்டுக் கதவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா?

இதுதான் வழியெல்லாம் என் மனத்தில் ஓடிய கேள்வி. முதலில் அதற்கு எனக்குக் கிடைத்த பதில் மிகவும் சுலபமாக இருந்தது. பலனை அனுபவிக்கிறவன் எவனோ, அவனே தீர்மானிக்க வேண்டும். பாத்தியில் நிற்கிறவனுக்குத்தான் தண்ணீர் எப்போது கெட்டிப்படும் என்று தெரியும். திண்டிவனத்தில் உட்கார்ந்திருக்கிற முதலாளிக்குத் தெரியாது. (தீர்மானிக்கிறவர் என்னமோ முதலாளிதான். அது வேறு கதை.)

இந்தப் பிரதேசத்தின் சரித்திரமும் என் கட்சிக்கே சாட்சி சொல்லும் போலிருந்தது. பிரஞ்சிந்தியாவில் ஒரு காலத்தில் உப்புக் காய்ச்சினார்கள். 1815-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பிரஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பை வாங்கும் உரிமை இங்கிலீஷ்காரனுக்கே என்றும், அதற்கு ஈடாக வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரஞ்சுக்காரனுக்கு என்றும் பேசி முடித்தார்கள். 1818-ல் இன்னொரு ஒப்பந்தம்: உப்பு விளைவிப்பதே வேண்டாம், அளம் வைத்திருப்பவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து மூடிவிடலாம் என்று. இரண்டு தரப்பும் வெள்ளைக்காரர்கள். அளத்துச் சொந்தக்காரனுக்காவது காசு என்று ஒன்று பேசினார்கள். வெயிலில் நின்று உப்பு வாரியவனை யார் கேட்டார்கள்? அப்போது எல்லைக்கு இந்தப் பக்கம், கும்பினி ராஜ்யத்தில் இருந்த மரக்காணம் மட்டும் தன் பாட்டுக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தது. பிறகு பக்கிங்காம் கால்வாய் வந்து, இந்த ஊர் வரைக்கும் படகு விட்டார்கள்.

ஊரில் இல்லாதவன் ஊர்க் காரியத்தைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றிற்று. அதோடு, பிரஞ்சிந்தியாவின் தேர்தல் கதை வேறு ஞாபகம் வந்தது. 1871 முதல் பிரஞ்சிந்தியா பாரிஸ் பார்லிமெண்டுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பி வந்தது. நம் பக்கத்தில் ஜில்லா போர்டுக்குக்கூட வோட்டு எட்டாத காலத்தில், முத்தியால்பேட்டை நெசவாளிக்குப் பாரிஸுக்கே வோட்டு இருந்தது என்றால் ஆச்சரியந்தான். ஆனால் அந்த வோட்டு எப்படி நடந்தது என்று புதுச்சேரிக் கிழவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். தடியடி, பெட்டி மாற்றம், செத்தவன் எழுந்து வந்து வோட்டுப் போடுவது எல்லாம் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலும் பலர் பாரிஸில் இருந்த பிரஞ்சுக்காரர்களே. தூரத்து வோட்டு, தூரத்துப் பிரதிநிதி. நடுவில் ஒரு சமுத்திரம். (குடவோலைக்கு இங்கே இடம் இருக்கிறது. உத்திரமேரூரும் ரொம்ப தூரம் இல்லை. ஆனால் தேர்தலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தப் பானைக்குள் கைவிட்டுவிட்டார்கள், நான் விடவில்லை.)

பஸ் கழுவெளி ஓரமாக வந்துகொண்டிருக்கும்போதுதான் என் பதிலில் ஓர் ஓட்டை தெரிந்தது.

அனுபவிக்கிறவன் தீர்மானிக்க வேண்டும் என்பது சரி. ஆனால், அனுபவிக்கிறவன் எல்லாம் தீர்மானிக்கலாமா? 2023-ல் இதே ஐரோப்பியப் பார்லிமெண்டு ஒரு சட்டத்தை அங்கீகரித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இரும்பு, சிமெண்டு, அலுமினியம் இவற்றைச் செய்யும்போது எவ்வளவு கரிப்புகை எழுந்தது என்று கணக்குப் பார்த்து, அதற்கு ஒரு விலை வைக்கிற சட்டம். நம் ஊர் இரும்பாலைத் தொழிலாளியை அது தொடும். அவனுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் வோட்டு உண்டா? இல்லை. அவர்களுடைய புகைக்கும் நம்முடைய புகைக்கும் சேர்த்துக் கடல் உயருகிறதே, அந்த நீர் ஏறுகிற கரையில் இருக்கிற எக்கியார்குப்பத்து மீனவனுக்கு வாஷிங்டனிலும் பீகிங்கிலும் வோட்டு உண்டா? என் அளவுகோலின்படி பார்த்தால் உலகத்தில் எல்லோருக்கும் எல்லா ஊரிலும் வோட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் எங்கேயும் கொடுக்கக் கூடாது. இரண்டும் ஆகிற காரியம் இல்லை.

வேறு அளவுகோல் தேடினேன். வரி கொடுக்கிறவனுக்கு வோட்டு என்றால் பணக்காரனுக்கு இரண்டு வோட்டுக் கேட்பான். குடியிருக்கிறவனுக்கு வோட்டு என்றால், பம்பாயில் கொத்து வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன் எங்கே போடுவான்? ரத்தம் சிந்தியவனுக்கு வோட்டு என்றால் தேசம் முழுவதும் பட்டாளக்காரர் ராஜ்யம் ஆகிவிடும். ஒவ்வோர் அளவுகோலும் ஒரு பக்கம் அளக்கிறது, மறுபக்கம் ஒடிகிறது. கடைசியில், 'உன் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகையால் நீ வரலாம்' என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதற்கும் கிடைக்கவில்லை. பெயர் எப்படிப் பட்டியலில் ஏறிற்று என்றால், பிறந்த இடம், பெற்றோர், 1962-ல் ஆறு மாதத்துக்குள் எழுதின ஒரு காகிதம். தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். தற்செயலாகக் கிடைத்த அதிகாரத்தை ஒருவன் எப்படிக் கையாள வேண்டும்? கேள்வி இப்படித் திரும்பியபோது ஊர் வந்துவிட்டது.

பெரியவர் திண்ணையில் இருந்தார். அவர் வீட்டில் சமைத்துப் போடுகிற அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். விடிவதற்கு முன்னால் எழுந்து அளத்துக்குப் போய், வெயில் ஏறும் வரைக்கும் பலகையால் உப்பு இழுத்துவிட்டு, மாலையில் இங்கே வருவாள். கால் விரல்களின் இடுக்கெல்லாம் வெடித்து வெள்ளையாகத் தெரியும்.

நான் பத்திரிகையை நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை.

"தெரியும் தம்பி. பேரன் ராத்திரியே போன்ல சொல்லிட்டான்."

"என்ன சொன்னான்?"

"சந்தோஷப்பட்டான்."

நான் திடுக்கிட்டேன். பேரனுக்கு முப்பது வயது. நம்மைப் போலக் கறுத்த பையன். ஒரு தடவை இங்கே வந்திருந்தபோது அளத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடினான்.

"அவனுக்கு வேலை இல்லே. வந்தவங்க பறிச்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறான். அவங்க அம்மா அழறா. 'அவங்க பார்வையிலே நீயும் வந்தவன்தாண்டா'ன்னு அவ சொன்னா, இவன் போனை வச்சுடறான். ஒரே வீட்டிலே ரெண்டு கட்சி."

நான் இனியும் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "நீங்கள் யாருக்குப் போட்டீர்கள், ஐயா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். ரகசிய வோட்டு என்பதே அதற்காகத்தானே ஏற்பட்டது? ஆனால் பெரியவருக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊர் வோட்டு முறையை எனக்கு விவரித்தார். நம்மைப் போலப் பொத்தானை அழுத்துவது இல்லை. மேஜையில் கட்சிக்கொரு சீட்டாக அடுக்கி வைத்திருக்கும். சில சீட்டுகளையும் ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போக வேண்டும். ஒரு சீட்டை உறையில் போட்டு, வெளியே வந்து, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பெட்டியில் அந்த உறையைப் போட வேண்டும். போட்டதும் அங்கே இருக்கிற அதிகாரி, 'வோட்டளித்தார்' என்று பிரஞ்சில் உரக்கச் சொல்வார். பிறகு பேரேட்டில் கையெழுத்து. விரலில் மையெல்லாம் கிடையாது.

"மறைவுக்குள்ளே போய் நின்னேன். கையிலே நாலு சீட்டு. ஒண்ணு பேரன் சொன்னது, ஒண்ணு மக சொன்னது. பேரன் சொன்னதைப் போட்டா, மக மூஞ்சி வருது. மக சொன்னதைப் போட்டா, வேலை இல்லாம நிக்கிற அந்தப் பய மூஞ்சி வருது. அங்கே என்ன நடக்குதுன்னு எனக்கு என்னா தெரியும்? நான் அந்த ஊரைப் பார்த்து இருபது வருஷம் ஆச்சு. நான் பார்த்த பிரான்ஸ் வேறே. தெரியாத விஷயத்துக்குக் கையெழுத்துப் போடறது தப்பு இல்லையா? நாலு சீட்டையும் மடிச்சு ஜோபியிலே வச்சுக்கிட்டேன். காலி உறையைப் பெட்டியிலே போட்டேன்."

நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதற்காகவா வெயிலில் அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்றேன்.

"பேர் கூப்பிட்டாங்க. ஆஜர் கொடுத்தேன். பட்டாளத்திலே சொல்லிக் கொடுத்தது அதுதான். கூப்பிட்டா, 'இருக்கேன்'னு சொல்லணும். அப்புறம் சுடறதும் சுடாததும் வேறே விஷயம்."

வாசகர்களுக்குப் பெரியவர் செய்தது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க வேடிக்கையாக இல்லை. நான் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்த கேள்விக்கு அவர் தம்மளவில் ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார். அதிகாரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தமக்குத் தெரியாத வீட்டின் கதவை அதைக்கொண்டு திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. ஜூரியில் உட்கார்ந்த ஒருவன், 'சாட்சியம் எனக்கு விளங்கவில்லை' என்று எழுந்து சொல்வதற்கும் கொஞ்சம் நேர்மை வேண்டியிருக்கிறது அல்லவா? பிரஞ்சுச் சட்டத்தில் 2014 முதல் இப்படிப்பட்ட வெற்று வோட்டுகளைச் செல்லாத வோட்டோடு சேர்க்காமல் தனியாக எண்ணிச் சொல்கிறார்கள். இந்தத் தேர்தலில் அவை லட்சக்கணக்கில் இருந்தன. நம்மிடம் 2013 முதல் 'மேற்கண்ட எவருமில்லை' என்று ஒரு பொத்தான் இருப்பதும் ஏறக்குறைய அதற்காகத்தான்.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வெற்று வோட்டை எண்ணுவார்களே தவிர, கட்சிகளுக்கு இத்தனை சதவிகிதம் என்று பிரிக்கும்போது அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே, 'நான் தீர்மானிக்கவில்லை' என்று ஒதுங்குகிறவன், மற்றவர்களைத் தீர்மானிக்கும்படி விடுகிறான். எண்ணிக்கையில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்கள் முன்னாலேயே நிற்கிறார்கள். மகள் அழுதாளே, அவளுக்கு இந்தக் காலி உறையால் என்ன பிரயோஜனம்? நடுநிலை என்று நாம் சொல்வதில் பாதி, இரண்டு பக்கத்து மூஞ்சியையும் பார்க்கத் தைரியம் இல்லாமை. இதை அவரிடம் சொல்லவும் சொன்னேன், மூஞ்சி என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு.

பெரியவர் 1954-ஐ எடுத்தார். அந்த வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பிரஞ்சிந்தியா இந்தியாவோடு சேருவதா, வேண்டாமா? சந்திரநாகூரில் 1949-லேயே ஜனங்களைக் கேட்டார்கள். சேர வேண்டும் என்றவர் 7,473, வேண்டாம் என்றவர் 114. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஜனங்களை நேராகக் கேட்கவில்லை. பிரதிநிதி சபையிலும் முனிசிபாலிட்டிகளிலும் இருந்த 178 பேர் கீழூரில் கூடி வோட்டளித்தார்கள். 170 பேர் சேருவோம் என்றார்கள். 8 பேர் மாட்டோம் என்றார்கள். 1951-ல் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் பார்லிமெண்டுக்குப் போன கூபேர், சேர வேண்டும் என்ற கட்சிக்கு முன்னால் நின்றார். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிற்று.

"எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு" என்றார் பெரியவர். "எங்கப்பா 170 பேர் பக்கம். எங்க மாமா, அந்த எட்டுப் பேர்தான் ஆம்பிளைங்கம்பார். எங்கப்பா சொல்வார், 'அட, அவங்க மூணாவதா ஒண்ணு செஞ்சிருக்கலாம், வராம இருந்திருக்கலாம். வந்து நின்னாங்க பாரு, அதனாலதான் இது வாக்கெடுப்பு. இல்லேன்னா கல்யாண வீட்டுப் பந்தி'ன்னு."

அந்த எட்டுப் பேருடைய அபிப்பிராயம் எனக்குக் கொஞ்சமும் பிடித்தமானது அல்ல. புதுச்சேரி இந்தியாவில் சேராமல் வேறு எங்கே போகும்? ஆனால், முடிவு இன்னதென்று ஊருக்கே தெரிந்திருந்த ஒரு நாளில், தோற்கிற பக்கத்தில் வோட்டுப் போடப் போன எட்டுப் பேரை நினைத்தால் மரியாதை பிறக்கத்தான் செய்கிறது. அவர்களும் காலி உறை போட்டவர்கள் அல்ல என்று பெரியவருக்கு நான் எடுத்துக்காட்டினேன். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக ஒரு சந்தோஷம் எனக்கு.

அப்போது அதுவரை பேசாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"தம்பி, நீ யாருக்குப் போட்ட?"

"அது ஐரோப்பாத் தேர்தல், அம்மா. எனக்கு அங்கே வோட்டு இல்லை."

"அது இல்லே. நம்ம வோட்டு. சித்திரையிலே போட்டோமே."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கையைக் காட்டு" என்றாள்.

தன் கையை முதலில் நீட்டினாள். இடது ஆள்காட்டி விரல் நகத்தில், அடியிலிருந்து மேலே வளர்ந்து போன ஒரு கறுப்புக் கோடு. ஏப்ரல் 19-ஆம் தேதி வைத்த மை, ஏழு வாரம் கழித்தும் இருந்தது. அந்த மையில் வெள்ளி உப்பு ஒன்று கலந்திருக்கிறது. நம் தோலில் இருக்கிற சாதாரண உப்போடு அது சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்து, தண்ணீரில் கரையாமல் ஒட்டிக்கொள்கிறது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து அதைத்தான் வைக்கிறார்கள். உப்பிலேயே ஊறின அந்தக் கையில் அது எப்படிப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் விரல் சுத்தமாக இருந்தது.

ஏப்ரல் 19-ஆம் தேதி நான் வீட்டில் இருந்தேன். நல்ல வெயில். ஒரு தொடர்கதை அத்தியாயம் முடிக்க வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான வோட்டில் நம் ஒன்று என்ன செய்துவிடும் என்ற நினைப்பு வேறு. மாலையில் போகலாம் என்று இருந்தேன். மாலையில் ஒரு சிநேகிதர் வந்துவிட்டார். தமிழ்நாட்டில் அன்று நூற்றுக்குச் சுமார் 70 பேர் வோட்டளித்தார்கள் என்று மறுநாள் படித்தபோது, பாக்கி 30 பேரைப் பற்றிச் சலிப்போடு யாரிடமோ பேசினதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இதையெல்லாம் திண்ணையில் சொல்லவில்லை. "போக முடியவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

"நான் அன்னிக்கி அளத்துலேருந்து அப்படியே போனேன்" என்றாள். "குளிக்கக்கூட இல்லே. போடலேன்னா பேரை அடிச்சுடுவாங்கன்னு சொல்றாங்க. பேர் இல்லேன்னா நாம இருக்கோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மழைக் காலத்துக்கு ஐயாயிரம் குடுக்குறாங்களே, அது பேர் இருக்கறவங்களுக்குத்தானே?"

ஒரு தேர்தலில் போடாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது தவறு. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிகளுக்கு 2022 முதல் சர்க்கார் கொடுக்கிற 5,000 ரூபாய்க்கும் வோட்டர் லிஸ்டுக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நம்பினதாகத் தோன்றவில்லை. சர்க்கார் காரியங்கள் எப்படி நடக்கும் என்பதில் அவளுக்கு என்னைவிட அனுபவம் அதிகம்.

பெரியவர் இதற்குள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருடைய காலி உறையை நான் கோழைத்தனம் என்று நினைத்தேனே, ஏறக்குறைய வாய்விட்டும் சொன்னேனே! அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு நாளைச் செலவிட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்காக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. எண்ணுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று என்னையே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தேன். எண்ணுகிறவனுக்கும் இரண்டும் ஒன்றல்ல. அவர் உறை எண்ணப்பட்டது.

பிரான்ஸில் அதற்குப் பிறகு நடந்ததும் எனக்கு ஆறுதலாக இல்லை. ஜூன் 9-ஆம் தேதி அங்கே நூற்றுக்கு 51 பேர்தான் வோட்டளிக்க வந்திருந்தார்கள். தேசிய சபைத் தேர்தலின் முதல் சுற்று ஜூன் 30-ல் நடந்தபோது 66 பேர் வந்தார்கள். ஜூலை 7-ஆம் தேதி இரண்டாவது சுற்று முடிந்ததும் பார்த்தால், நாலு வாரம் முன்பு முதலில் நின்ற தேசியப் பேரணி மூன்றாவது இடத்தில் இருந்தது. வோட்டு முறை வேறு, கட்சிகள் சேர்ந்து நின்ற விதம் வேறு. எல்லாவற்றையும் வந்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆனாலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் ஜூன் 9-ஆம் தேதி தொடர்கதை எழுதிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதைத் தடுக்க முடியவில்லை.

அந்த அம்மாள் உலையை ஏற்றிவிட்டு, தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "நாளைக்கு மூணு மணிக்கெல்லாம் எழுந்திருக்கணும்" என்றாள். இருட்டுகிற வெளிச்சத்தில், வரப்புமேல் அவள் போவது வெகு தூரம் வரைக்கும் தெரிந்தது. பெரியவர் ஜோபியிலிருந்து மடித்த நாலு சீட்டுகளையும் எடுத்து எனக்குக் காட்டினார். வேட்பாளர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருந்தன. வரிசைக்கு 81 பெயர். அவற்றை எறிய அவருக்கு மனம் வரவில்லையாம்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள், வாக்காளர் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். பத்திரமாக இருந்தது. அதற்கு மேல் வரியில் என் தகப்பனார் பெயரும் இருந்தது. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்தான்.